பதினான்காம் டேப்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது, மூக்கு மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நாள் முழுக்கப் பழைய தாள்களுக்கு நடுவே தும்மிக்கொண்டிருக்கிறேன். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை வாயில் போடுகிறாளா, இல்லை வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே போடுகிறாளா?

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். அக்கா, இப்படி ஒரு வேலைக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. கல்லூரி நூலகத்துக்குப் பின்னால், முன்பு வேதியியல் ஆய்வகமாக இருந்த அறைதான் ஆவணக் காப்பகம். கழுவுதொட்டிகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. அலமாரி முழுக்க ஊராருடைய சொந்தக் காகிதங்கள். ஒரு தபால்காரர் முப்பது வருடம் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. எந்தத் தெருவில் எந்த நாய் துரத்தியது என்பதைத் தவிர அதில் வேறு எதுவுமே இல்லை. நான் மூன்று நாள் சோறு தண்ணி மறந்து அதைப் படித்தேன்.

ஆனால் விஷயம் அதுவல்ல. இருபத்திரண்டு வருடம் முன்பு இங்கே சரித்திரப் பேராசிரியராக இருந்த ஓர் அம்மா, தன் மாணவிகளை பிஸ்கட் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் அனுப்பி அவர்களைப் பேச வைத்து டேப்பில் பதிவு செய்திருக்கிறார். மொத்தம் இருபத்தேழு டேப். ஒவ்வொன்றுக்கும் தட்டச்சு செய்த எழுத்துப்படி உண்டு. ஆகஸ்டில் இவற்றை வைத்து ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது. டேப்பைக் கேட்டு, எழுத்துப்படியை வரிக்கு வரி சரிபார்ப்பது என் பொறுப்பு.

நேற்று பதினான்காம் டேப்பைப் போட்டேன். 'பேக்கிங் பிரிவு' என்று மட்டும் உறையில் இருந்தது. ஒரு இருமல். அப்புறம், "இது ஓடுதா? ஓடுதுன்னா சொல்லும்மா, சும்மா பேசி வாய் வலிக்கக் கூடாது" என்று ஒரு குரல்.

அம்மா! அக்கா, நம் அம்மா! நாற்பத்து மூன்று வயது அம்மா! நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டேன். காப்பாளர் ஐயா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். அம்மாவுக்கு அங்கே என்ன பட்டப்பெயர் தெரியுமா? மின்னல்! ஒரு நிமிடத்தில் எட்டு டின் மூடுவாளாம். இதையெல்லாம் நம்மிடம் ஏன் சொன்னதே இல்லை? ஒரு பக்கம்தான் கேட்டிருக்கிறேன். இன்னொரு பக்கத்தை ஆசையாக மிச்சம் வைத்திருக்கிறேன்.

உன் மாணவர்கள் எல்லோரும் பாஸாகட்டும். அம்மாவிடம் 'மின்னல் எப்படி இருக்கிறாள்' என்று நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
தும்மிக்கொண்டே உன் தம்பி


பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. தும்மலுக்கு முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். அத்தான் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் முனகுகிறார். அம்மாவின் மாத்திரைகளை நானே எண்ணிக் கொடுத்து, விழுங்கும் வரை எதிரே நிற்கிறேன்.

தட்டச்சுப் பள்ளியில் இந்த முறை அறுபது பேர். ரெண்டு மெஷின் படுத்துவிட்டது. ஒன்றில் 'க' விழவே மாட்டேன் என்கிறது.

உன் வேலை உனக்குப் பிடித்திருப்பதில் சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அழகாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கும்போது, அந்தப் பழைய டேப்பை எதற்குப் போட்டுத் தேய்க்கிறாய்? அறுந்து போனால் உன் தலையில்தானே விழும்? படிக்கத்தானே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மின்னல் விஷயத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே குளிர் அதிகம், அவள் சீக்கிரம் படுத்துவிடுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். முதலில் உட்கார். உட்கார்ந்தாயா?

இரண்டாம் பக்கத்தைக் கேட்டுவிட்டேன். எழுத்துப்படியில் இல்லாத நான்கு நிமிடம் அதில் இருக்கிறது! அப்படியே எழுதுகிறேன். அம்மா பேசுகிறாள்:

"நாப்பது பொம்பளைக்கு ஒரே ஒரு டோக்கன். பித்தளை. அது கையில இருந்தாத்தான் கக்கூஸ் பக்கம் போகலாம். அன்னிக்கு ஒரு வயித்துப்பிள்ளைக்காரி, டோக்கன் வர்றதுக்குள்ள நின்ன இடத்துலயே நனைச்சுக்கிட்டா. சூப்பர்வைசர் சிரிச்சான். எனக்கு எங்கேருந்து வந்துச்சோ தெரியலை. என்கூட வேலை பார்த்த சுருட்டைமுடிக்காரி, சுருட்டைன்னுதான் கூப்பிடுவோம், போயிட்டு வந்து டோக்கனை என் கையில குடுத்தா. நான் அதை ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு, மேல தாளை மடிச்சு, மூடியை அழுத்தி, வண்டியில தள்ளிட்டேன். லாரி கிளம்பிப் போயிடுச்சு.

"நோட்டுல கடைசி டிக் சுருட்டை பேர்ல. அவளைத்தான் கேட்டாங்க. தலைமுடியைக்கூட அவுத்துச் சோதிச்சாங்க. அவ என் பக்கம் ஒரு பார்வைகூடத் திருப்பலை. 'தெரியாது'ன்னா, அவ்வளவுதான். அன்னிக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. வீட்டுக்காரர் போய் ஒரு வருஷம், ரெண்டு பிள்ளைங்க. ஆறு வருஷமா வயித்துக்குள்ள வச்சிருக்கேன். இப்பச் சொல்றேன், எடுத்தது நான். எழுதிக்கங்க."

எழுதிக்கங்க என்று அம்மாவே சொல்கிறாள் அக்கா! டோக்கன் காணாமல் போன மூன்றாம் நாள் மீதிப் பெண்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து, டோக்கன் இல்லாமலே கழிப்பறைக்கு நடந்திருக்கிறார்கள். அதோடு அந்த டோக்கன் முறையே ஒழிந்தது. அம்மா ஒரு டின்னை மூடியதில் நடந்தது இது!

ஆனால் எழுத்துப்படியில் இந்த இடமே இல்லை. "டின் மூடுவது கஷ்டமான வேலை" என்பதிலிருந்து நேரே "ஓய்வு நாள் ஞாயிறு" என்று தாவுகிறது. எந்தத் தூங்குமூஞ்சி உட்கார்ந்து அடித்தாளோ! நீ இத்தனை பேருக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுப்பவள், நீயே சொல். நான்கு நிமிடப் பேச்சை ஒருத்தி எப்படிக் கோட்டை விடுவாள்?

டேப்பை மக்கள் முன் ஒலிக்கவிட, பேசியவருடைய புதுக் கையெழுத்து வேண்டும். இங்கே அதுதான் சட்டம். ஒப்புதல் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் வாங்கி உடனே அனுப்பு. அவள் முகம் எப்படிப் போகிறது என்று கவனித்து எழுது.

அத்தானுக்கு என் அன்பு. எல்லோரும் சௌக்கியம்தானே?

தரையில் கால் பாவாமல்,
உன் தம்பி


மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பரீட்சை நேரம், மூச்சு விட முடியவில்லை. அத்தானுக்கு நாலு நாள் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. 'க' விழாத மெஷினைச் சரி செய்தாயிற்று, இப்போது 'ம' தகராறு.

நீ கேட்ட சந்தேகத்துக்குப் பதில்: டேப்பைக் கேட்டு அடிப்பவர்கள் நிறுத்தி நிறுத்தி அடிப்பார்கள். நிறுத்திய இடம் மறந்துபோய் முன்னால் ஓட்டிவிட்டால், விட்டுப்போகும். சின்ன வயதுப் பெண்ணாக இருந்திருப்பாள். பழையதைக் கிளறி யாரையும் திட்ட வேண்டாம்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் அதிர்ச்சியான விஷயம் எதுவும் பேசக்கூடாது என்றிருக்கிறார்.

வெயில் வந்துவிட்டது, தண்ணீர் நிறையக் குடி.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அத்தானுக்குக் காய்ச்சல் விட்டது நிம்மதி. ஆனால் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே நீ? உறைக்குள் ஒட்டிக்கொண்டு உன் கண்ணில் படவில்லையோ என்று இன்னொன்று வைத்திருக்கிறேன்.

அவசரம் இருக்கிறது. டோக்கனைப் பற்றி ஒரு காட்சிப் பலகை தயாராகிறது. வேறு மூன்று பெண்கள் தங்கள் டேப்பில் 'சுருட்டைதான் திருடினாள்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய எழுத்துப்படியில் அது வரி பிசகாமல் இருக்கிறது. காப்பாளர் ஐயா சொல்கிறார்: "தம்பி, உங்க அம்மா கையெழுத்து ஜூலை பிறக்கறதுக்குள்ள வரலைன்னா, தாள்ல இருக்கறதைத்தான் நான் பலகையில போட முடியும்." அதாவது, ஒரு தொழிலாளி டோக்கனைத் திருடினாள், நிர்வாகம் பெருந்தன்மையாக டோக்கன் முறையை நீக்கியது என்று ஊர் முழுக்கப் படிக்கும்.

நான் சும்மா இருப்பேனா? சுருட்டையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன்! பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிச் சீருடைதான் முக்கால்வாசி. தலை முழுக்க நரைத்தும் சுருள் போகவில்லை. மரியாதையாக 'அம்மா' என்று கூப்பிட்டேன். "சுருட்டைன்னே கூப்பிடு, இல்லைன்னா திரும்ப மாட்டேன்" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. அப்புறம் நான் யார் பிள்ளை என்று சொன்னேன். மெஷின் நின்றுவிட்டது.

"மின்னல் மகனா? உங்க அம்மா ஒரு ஆள் மூலமாச் சொல்லி அனுப்பினா. 'நான் பேசினதைக் காலேஜ்ல எழுதி வச்சிருக்காங்க, போய்ப் படிச்சுப் பாரு'ன்னு. கடையை அடைச்சிட்டுப் போனேன்ப்பா. நூலகத்துல உக்காந்து பதினெட்டுப் பக்கம், எழுத்துக் கூட்டிப் படிச்சேன். என்னைப் பத்தி ஒரு வரி இல்லை. இதைப் படிக்கவா என்னைக் கூப்பிட்டான்னு நினைச்சேன். அவ கையில குடுத்தது நான். எனக்குத் தெரியாதா யாரு எடுத்தான்னு? காட்டிக் குடுக்கலையே. ஒரு நாள் அவளே வந்து சொல்லுவான்னு இருந்தேன்."

டேப்பில் இருக்கிறது என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. கையெழுத்து வராமல் வெளியே சொல்லக்கூடாது என்று சட்டம். நாக்கைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன். கண்காட்சிக்கு வாருங்கள் என்றதற்கு, "என்னைத் திருடின்னு எழுதியிருக்கறதை நானே வந்து பார்க்கணுமா?" என்றார்.

அக்கா, எவளோ ஒருத்தியுடைய கவனக்குறைவால் இரண்டு பேர் இத்தனை வருடம் வீணாக்கியிருக்கிறார்கள். தயவுசெய்து அம்மாவிடம் பேசு. ரத்த அழுத்தம் இறங்கும், ஏறாது.

பதிலை எதிர்பார்த்து,
தம்பி


மே 11

அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டேன். இப்போது அந்தக் கவலை இல்லை.

ஓய்வு பெற்ற பேராசிரியர் அம்மா நேற்றுக் காப்பகத்துக்கு வந்தார். பதினான்காம் டேப்பைப் பதிவு செய்த மாணவி அப்போதே வெளிநாடு போய்விட்டாளாம். இவர் எழுத்துப்படியை மட்டும்தான் பார்த்திருக்கிறார், டேப்பைக் கேட்கவில்லை. "கேட்டிருக்கணும், என் தப்புதான்" என்று வருத்தப்பட்டார். அடித்தது யார் என்று கேட்டேன். என்னை வினோதமாகப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா? உன் அக்காதான். 'என் பொண்ணு நல்லா டைப் அடிப்பா'ன்னு உங்க அம்மாதானே கேட்டு வாங்கிக் குடுத்தாங்க."

அந்த மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன். என்ன அடிக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எட்டு வயது எனக்கு.

தூங்குமூஞ்சி என்று உன்னையே எழுதினேன். நீ அதைப் படித்துவிட்டு, விட்டுப்போவது எப்படி என்று எனக்குப் பாடம் நடத்தினாய். கோபமாக இருக்கிறேன் அக்கா. வேறு எதுவும் எழுத வரவில்லை.

தம்பி


மே 20

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அம்மாவின் ரத்த அழுத்தமும் சரியாகத்தான் இருந்தது. ஏறியிருக்கிறது என்று நான் எழுதியது பொய்.

நான் எதையும் கோட்டை விடவில்லை. முழுதாக அடித்தேன். அடித்து முடித்துப் படித்துப் பார்த்தேன். எழுத்துப்படியில் ஒரு நகல் தொழிற்சாலைக்கும் போகும் என்று பேராசிரியர் அம்மா சொல்லியிருந்தார். அம்மா அப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள். இதைப் படித்தால் மறுநாளே துரத்திவிடுவார்கள். நீ மூன்றாம் வகுப்பு. எனக்கு இருபது வயது, வேலை கிடையாது. அந்தப் பக்கத்தை உருவிவிட்டு, மற்றவற்றைத் திரும்ப அடித்தேன். கார்பன் தாளைக்கூட அடுப்பில் போட்டேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் தெரிந்தேதான் பேசினாள், வேலை போனால் போகட்டும் என்றுதான் பேசினாள். அவள் எடுத்த முடிவை நான் மாற்றினேன். அதற்கப்புறம் மற்ற மூன்று பேர் டேப்பும் என்னிடமே வந்தது. 'சுருட்டைதான் திருடினாள்' என்று என் விரல்தான் அடித்தது. மூன்று தடவை.

அந்த நகலை அங்கே யாரும் புரட்டவே இல்லை என்று நினைத்துக்கொண்டு, அம்மா பதினைந்து வருடம் அதே வேலையில் இருந்தாள். நீ கல்லூரி வரை படித்தது அந்தச் சம்பளத்தில். இதைச் சொல்லி நான் நல்லவளாகப் பார்க்கவில்லை. கணக்கு உனக்கும் தெரிய வேண்டும், அதற்காக எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. அம்மா இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு நாள், தானாகவே சொன்னாள்: "சுருட்டை படிச்சிருப்பா. மன்னிக்க மனசு வரலை போல, அதான் ஒரு சேதியும் இல்லை. அவளைச் சொல்லிக் குத்தமில்லை." நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். திறக்கவில்லை.

சுருட்டை கடையை அடைத்துவிட்டுப் போய்ப் படித்தார் என்பது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தில்தான் தெரிந்தது. அதற்கப்புறம் பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

திட்ட வேண்டுமானால் திட்டு. கடிதம் போடாமல் மட்டும் இருக்காதே.

அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இருபது வயதில் நீ தனியாக அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் கை ஓடவில்லை. இன்று நான் அந்தக் காப்பகத்தில் உட்கார்ந்து அந்த டேப்பைக் கேட்க முடிந்ததே நீ அந்தப் பக்கத்தை எடுத்ததால்தான். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் கோபத்தையும் விடவில்லை, உன்னையும் விடவில்லை. ரெண்டும் இருக்கட்டும்.

ஆனால் அக்கா, யோசித்துப் பார்! டேப் இருக்கிறது! நீ எரித்தது தாளைத்தான். அம்மா பேசியது ஒரு மூச்சு விடாமல் அப்படியே இருக்கிறது. பேசியவளும் இருக்கிறாள், கேட்க வேண்டியவரும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சீருடை தைத்துக்கொண்டிருக்கிறார். காப்பகத்தில் இருக்கிற மற்ற காகிதங்களில் எதற்காவது இந்த யோகம் உண்டா? ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அதை வாங்க வேண்டுமானால் நீ அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதை நான் உனக்காகச் செய்ய முடியாது.

இன்னும் ஐந்து வாரம். சொல்லிவிடு அக்கா. அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் தம்பி


ஜூன் 21

அன்புத் தம்பிக்கு,

சொல்லிவிட்டேன்.

ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தானை வைத்துக்கொள்ளவில்லை, வெளியே அனுப்பிவிட்டேன். அம்மா பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். முழுதும் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், திரும்பப் போட்டாள்.

"அப்ப அவ படிக்கலையா?" என்று கேட்டாள்.

"படிச்சாம்மா. அதுல இல்லை."

அப்புறம்தான் அவளுக்கு முழுதும் உறைத்தது. கத்துவாள் என்று நினைத்தேன். "நீ பயந்துட்டே, சரி. பயந்தது நீ. சுமந்தது அவ" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், மாத்திரையைத் தானே எடுத்து விழுங்கினாள், அத்தானோடு சிரித்துக்கூடப் பேசினாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை. இந்த வீட்டில் நான் அழுத சத்தம் கேட்காமல் இருக்க மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் வந்து, "அந்தப் படிவத்தைக் கொண்டா" என்றாள். ரெண்டையும் கொடுத்தேன். இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள், ஒன்று தொலைந்தாலும் ஒன்று இருக்கட்டும் என்று. என் மேல் அவளுக்கு இருக்கிற நம்பிக்கை இப்போது அவ்வளவுதான். அதோடு நிற்கவில்லை, ரயிலுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டாள். எனக்குச் சேர்த்து எடுக்கவா என்றேன். "நீ இப்ப வேண்டாம்" என்றாள்.

கீழே அவளே நாலு வரி எழுதியிருக்கிறாள்.

அக்கா

*மகனுக்கு. அம்மா எழுதறேன். நான் கண்காட்சி அன்னிக்குக் காலையில வந்து இறங்கறேன். ஸ்டேஷனுக்கு வந்துடு. சுருட்டை கிட்ட நீ ஒண்ணும் சொல்லாதே, வரணும்னு மட்டும் சொல்லு. மீதி என் வேலை. நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா.*


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம், நான் சுகம், ஊரே சுகம்! எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கண்காட்சிக் கூடம் நிரம்பி வழிந்தது. தொழிற்சாலையில் வேலை பார்த்த பழையவர்கள் மட்டும் முப்பது பேர் இருக்கும். அம்மா உள்ளே நுழைந்ததும் "மின்னல்! மின்னல்!" என்று ஒரே சத்தம். அம்மா யாரிடமும் நிற்கவில்லை. பதினான்காம் டேப் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். பதினொரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. நான் நூறு தடவை வாசலுக்கு ஓடினேன். சுருட்டையிடம் மூன்று முறை போய்க் கெஞ்சியிருந்தேன். பிடி கொடுக்காமலே அனுப்பியிருந்தார்.

ஒரு மணிக்கு வந்தார்! கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்குகிறது. நேரே அம்மா முன்னால் வந்து நின்றார்.

"என்னடி, இப்படி இளைச்சுட்ட?"

"நீ மட்டும் என்ன வாழுது? தலையெல்லாம் பஞ்சு."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா ஹெட்ஃபோனை எடுத்து அவர் தலையில் தானே மாட்டினாள். சுருளில் சிக்கிக்கொண்டது, அதையும் தானே ஒதுக்கிவிட்டாள். எனக்குக் கண்ணைக் காட்டினாள், நான் பொத்தானை அழுத்தினேன்.

நான்கு நிமிடம் அக்கா. சுருட்டை முகத்தில் ஒன்றுமே அசையவில்லை. அம்மா அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"பிஸ்கட் டின்லயா போட்ட?"

"ஆமா."

"அடிப்பாவி! என் தலைமுடியை அவுத்துத் தேடினானுங்க. அது லாரியில ஊர்வலம் போயிட்டிருந்திச்சா?" என்று சிரிக்க ஆரம்பித்தார் பார், மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "யாரு வீட்டுல போய்த் திறந்தாங்களோ! பிஸ்கட்டுன்னு கடிச்சிருப்பானோ!" அம்மாவும் சிரிக்கிறாள், ரெண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். திடீரென்று சுருட்டை நிறுத்திவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த பழையவர்கள் பக்கம் கையைக் காட்டினார். அவரைத் திருடி என்று டேப்பில் சொன்ன மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"எனக்குச் சொல்லிட்ட. இவங்களுக்கு யாருடி சொல்லுவா?"

அம்மா குனிந்து, ஹெட்ஃபோன் ஒயரை ரெக்கார்டரிலிருந்து பிடுங்கிவிட்டாள். பின்னால் ஓட்டு என்று எனக்குச் சைகை. ஓட்டினேன். 'எடுத்தது நான். எழுதிக்கங்க' என்று அம்மா குரல் கூடம் முழுக்க நிறைந்தது! டீ கிளாஸ் எல்லாம் அந்தரத்தில் நிற்கிறது. மூன்று பேரில் ஒருவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் எழுந்து வந்து சுருட்டையின் கையைப் பிடித்துக்கொண்டார். காப்பாளர் ஐயாவே மூக்கைச் சிந்தினார், அவருக்குத் தும்மல் வியாதியும் கிடையாது.

பேராசிரியர் அம்மா சுருட்டையிடம் வந்து, அன்று உங்களை ஏன் பதிவு செய்யாமல் விட்டோம் என்று வருந்தினார். "வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தானே ஆள் எடுத்தீங்க? என் பேரை அதுலேருந்து எடுத்து ஆறு வருஷம் ஆயிருந்துச்சே" என்றார் சுருட்டை. உடனே ஒரு புது டேப்பைப் போட்டு உட்கார வைத்துவிட்டேன். மூன்று நாள் கடையை அடைத்துவிட்டு வந்து பேசினார், நான்கு டேப்! அம்மா இப்போதைக்கு அங்கே வருவதாக இல்லை. தினமும் தையல் கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள்.

பக்கத்தை எடுத்தது யார் என்றும் அம்மா சுருட்டையிடம் சொல்லிவிட்டாள். அவர் கழுத்து அளவு நாடாவை எடுத்துச் சுற்றி வைத்தார். அப்புறம், என் டேப்பை உன் பெண்தான் அடிக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான்கு டேப்பும் பார்சலில் வருகிறது. பார்த்துப் பிரி.

தலைகால் புரியாமல்,
உன் தம்பி


செப்டம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே அத்தானும் நானும் சௌக்கியம். அம்மா மாத்திரையை நீ பார்த்துக்கொள், பட்டன் தைக்கிற சாக்கில் மறந்துவிடுவாள்.

நான்கு டேப்பும் அடித்து முடித்தேன். எழுபத்தோரு பக்கம். மாணவர்களை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் மதியம் நானே அடித்தேன். சிரித்த இடத்தில் 'சிரிப்பு' என்று போட்டிருக்கிறேன். நிறைய இடத்தில் போட வேண்டி வந்தது. அவர் மெஷின் மிதிப்பதைச் சொல்லும்போது நானும் காலை ஆட்டிக்கொண்டே அடித்திருக்கிறேன். இந்த வயதில் எனக்கு ஒரு வேலை இவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கவில்லை.

அறுபத்து நான்காம் பக்கத்தில் இது வருகிறது. டேப்பை மூன்று முறை நிறுத்தி, மூன்று முறை கேட்டு அடித்தேன்:

"அந்தப் பொண்ணு தன் வீட்டைக் காப்பாத்தத்தான் செஞ்சா. எனக்குப் புரியாம இல்லை. ஆனா என்னை யாரும் காப்பாத்தலையே. அவங்க அம்மாவை நான் மன்னிச்சுட்டேன், அவ வாயைத் திறந்து சொன்னவ. இவளை இன்னும் மன்னிக்கலை. என் கடைக்கு வந்து என் எதிர்ல உக்காந்து பேசட்டும், அப்புறம் பார்க்கலாம். இதையும் அவ கையாலயே எழுதட்டும்."

எழுதிவிட்டேன். டேப்போடு வைத்துச் சரிபார். ஒரு வார்த்தை குறைந்தாலும் சொல், திரும்ப அடிக்கிறேன்.

இருபதாம் தேதி ரயிலுக்கு எனக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், அம்மாவிடமும் சொல்ல வேண்டாம். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே என்று எழுதியிருந்தாய், அது போதும், தேடிக்கொள்கிறேன். அவர் காலையில் எத்தனை மணிக்குக் கடை திறப்பார் என்று மட்டும் எழுது.

அக்கா